மரத்தடியில் மழலையர் பள்ளி: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றின் எல்லையில், வேம்பும் புங்கையும் நாவலும் பனையும் நிற்கும் பழைய தோப்பில் எங்கள் மழலையர் பள்ளி நடந்து வருகிறது. மூன்று வயது நிறைந்த பிள்ளைகள் ஆறு வயது வரை இங்கே பயில்கிறார்கள். சேர்க்கைக்கு முன் தோப்பைப் பார்க்க வரும் பெற்றோரும், அவர்களுடன் வரும் பாட்டிமாரான ஆயாக்களும் அப்பத்தாக்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

எல்லாப் பள்ளிகளிலும் விளையாட்டு நேரம் இருக்கிறதே, நீங்கள் செய்வது எவ்வகையில் வேறு?

பிற பள்ளிகளில் அறைக்குள் பாடம் முடிந்த பிறகு பிள்ளைகளை வெளியே விடுவார்கள். இங்கே வெளியில் கழியும் பொழுதுதான் பாடவேளை. ஓடு வேய்ந்த கொட்டகை ஒன்று இருக்கிறது. மழைக்கும், உணவுக்கும், களைத்துப்போன பிள்ளை சற்றுக் கண்ணயர்வதற்கும் அது பயன்படுகிறது. மற்றபடி மணல் குவியல், மண் அடுப்படி, விழுந்து கிடக்கும் ஒரு புளிய மரத்தின் அடித்தண்டு, இரண்டு கயிற்று ஊஞ்சல்கள், பிள்ளைகள் விதை போடும் பாத்திகள், இவ்வளவுதான் எங்கள் உடைமை. சிரட்டை, பனை மட்டை, செங்கல் துண்டு, பழைய வீடு பிரித்த இடத்தில் கிடைத்த ஆத்தங்குடிக் கற்களின் முனை மழுக்கிய துண்டுகள் ஆகியவற்றைக் குவித்து வைத்திருக்கிறோம். பிளாஸ்டிக் சறுக்கு மரம் வேண்டும் என்று சில பெற்றோர் கேட்டதுண்டு. சறுக்கு மரத்தில் சறுக்கத்தான் முடியும். ஒரு பனை மட்டை காலையில் குதிரையாகவும், பத்து மணிக்குத் தராசுத் தண்டாகவும், மதியத்துக்குள் படகாகவும் ஆகிவிடுவதை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம்.

ஆசிரியை என்ன செய்கிறார் என்பது இதனுடன் சேர்ந்தே கேட்கப்படும் கேள்வி. அவர் பெரும்பாலும் கவனிக்கிறார், குறித்துக்கொள்கிறார், தக்க தருணத்தில் ஒரு கேள்வியைப் போடுகிறார். கொட்டகையின் தாழ்வாரத்துப் புழுதியில் புனல் போலக் குழி பறித்து எறும்புக்காகக் காத்திருக்கும் குழிநரிப் பூச்சியை நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி முக்கால் மணி நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முக்கால் மணி நேரம் அவளை யாரும் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டதுதான் அன்றைக்கு அவளுடைய ஆசிரியை செய்த முதன்மையான வேலை.

இது வெளிநாட்டு முறையை இங்கே கொண்டுவந்து ஒட்டும் முயற்சியா?

பெயரளவில் வெளிநாட்டுக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஜெர்மனியின் பிரீட்ரிக் புரோபல் 1837இல் பாட் பிளாங்கன்பர்க்கில் சிறு பிள்ளைகளுக்கான நிலையத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். அதை வெறும் உருவகமாக அவர் எண்ணவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி இருக்க வேண்டும் என்பது அவருடைய திட்டத்திலேயே இருந்தது. பெயர் உலகெங்கும் பரவியது. பாத்தி வழியிலேயே தொலைந்துபோயிற்று. லண்டனின் டெப்ட்போர்டில் மெக்மில்லன் சகோதரிகள் 1914இல் நடத்திய திறந்தவெளி மழலையர் பள்ளியும், டென்மார்க்கில் 1950களில் எல்லா பிளாட்டாவ் என்ற பெண்மணி தம் பிள்ளைகளையும் அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் காட்டுக்கு அழைத்துச் சென்றதில் முளைத்த காட்டுப் பள்ளியும் அந்தப் பாத்தியை மீட்டெடுத்த முயற்சிகள். ஜெர்மனியில் 1993இல் பிளன்ஸ்பர்க் நகரத்துக் காட்டுப் பள்ளி அரசின் ஏற்பைப் பெற்றது.

ஆனால் பிள்ளை மண்ணில் விளையாடிக் கற்கிறது என்பதை நமக்கு எவரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிள்ளைத்தமிழ் வகுத்த பருவங்களைப் பாருங்கள்: ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் வருகின்றன, பெண்பாலில் அம்மானையும் நீராடலும் ஊசலும் வருகின்றன. மணல்வீடு, கொட்டு, வண்டி, கல்லாட்டம், தண்ணீர், ஊஞ்சல் என்று இதையே இன்றைய சொற்களில் எழுதினால் எங்கள் பள்ளியின் பொருள் பட்டியல் ஏறக்குறைய வந்துவிடும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் முதல் எழுத்துப் பலகை மணல்தான்.

ஒரு நாள் எப்படிக் கழிகிறது?

எட்டு மணிக்குப் பிள்ளைகள் வந்ததும் தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறோம். நேற்று இல்லாத எது இன்று இருக்கிறது என்று தேடுவதே அந்த நடையின் நோக்கம். பிறகு பத்து மணி வரை அவரவர் தேர்ந்த விளையாட்டு. பத்து மணிக்குக் கேப்பைக் கூழோ சுண்டலோ தருகிறோம். அதன்பின் பாட்டு, கதை, பாத்தி வேலை. பன்னிரண்டு மணிக்குச் சோறு, பன்னிரண்டரைக்கு வீடு.

எழுத்தும் எண்ணும் எப்போது கற்பிப்பீர்கள்? பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ, பி, சி முழுதும் எழுதுகிறான்.

இந்தக் கேள்வியின் பின்னாலுள்ள கவலை எங்களுக்குப் புரியாமலில்லை. முதலில் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனித மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றுள் இரண்டோ மூன்றோதான் எலும்பாகத் தெரியும். மற்றவை இன்னும் குருத்தெலும்பு நிலையிலேயே இருக்கும். அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து நான்கு கோட்டு நோட்டின் கோடுகளுக்குள் எழுது என்றால், பிள்ளை முழுக் கையையும் இறுக்கிக்கொண்டு எழுதும். எழுத்தின் மேல் அதற்கு வெறுப்பு வருவதற்கு இது ஒன்றே போதும். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகள் கையைத் தயார் செய்கிறோம். மண் பிசைவது, கயிற்றில் தொங்குவது, கடலை உரிப்பது, புளியைக் கோதிக் கொட்டை எடுப்பது, ஓலைக் கூடையான கொட்டான் முடையும் பெரியவர்களின் அருகில் அமர்ந்து ஓலையை மடிப்பது எல்லாமே தோளிலிருந்து விரல் நுனி வரை வலுவையும் கட்டுப்பாட்டையும் தருகின்றன. அதற்குப் பிறகு மணலில் விரலால் எழுத்து, ஈரத் தரையில் குச்சியால் எழுத்து, கடைசியாகத் தாளில் பென்சில். ஐந்து வயதில் பெரும்பாலான பிள்ளைகள் தம் பெயரை மணலில் எழுதிவிடுகிறார்கள். எழுதாத பிள்ளையை நாங்கள் நெருக்குவதில்லை.

எழுத்துக்கு முந்தியது சொல். இலை என்று ஒரே சொல்லைப் படத்தில் காட்டிக் கற்பிக்கும் புத்தகத்தைவிட மரம் நல்ல ஆசிரியர்; கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஐந்து நிலைகளையும் ஒரே கிளையின் கீழ் பொறுக்கி வரிசையாக அடுக்கலாம். மாம்பிஞ்சு வடு, தென்னம்பிஞ்சு குரும்பை, வாழைப்பிஞ்சு கச்சல் என்று நம் மொழி பிஞ்சுக்குப் பிஞ்சு பெயர் வைத்திருப்பது, பார்த்த கண்ணும் தொட்ட கையும் இருந்ததால்தான். இவற்றுள் பாதியை நாங்களே மறந்திருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளிக்கு வரும் பெரியவர்களிடம் கேட்டுத்தான் மீண்டும் கற்றுக்கொண்டோம்.

எண்ணைப் பொறுத்தவரை பல்லாங்குழி எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. முழுப் பலகையில் 14 குழிகள் உண்டு; நான்கு வயதுக்காரர்களுக்கு மண்ணில் நான்கே குழிகளைத் தோண்டி, குழிக்கு மூன்று புளியங்கொட்டைகள் போட்டுத் தொடங்குகிறோம். ஒன்றுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவது, வெற்றுக் குழி என்றால் என்ன என்று அறிவது, இன்னும் எத்தனை கொட்டை இருந்தால் அடுத்த குழியை எட்டலாம் என்று முன்கூட்டியே கணிப்பது ஆகியவை அந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்?

பள்ளியின் சிறந்த மாதங்கள் அவைதாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கி டிசம்பர் வரை நீடிக்கும். அந்த மூன்று மாதமும் தண்ணீரே எங்கள் பாடம்.

முதல் மழைக்கு மறுநாள் செம்மண்ணில் ஊரும், வெல்வெட் போன்ற சிவப்புப் பட்டுப்பூச்சியைப் பார்ப்பதில் அது தொடங்குகிறது. பிறகு நீரின் வழியைப் பின்தொடர்கிறோம். ஊரிலுள்ள பழைய வீடொன்றின் உள் திண்ணையான பட்டாலையில் பிள்ளைகளை உட்கார வைத்து, நான்கு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் மழை வளவு முற்றத்தில் கொட்டுவதையும், அண்டாக்களில் பிடித்தது போக எஞ்சியது வடிகாலில் ஓடி மறைவதையும் காட்டுகிறோம். அந்த நீர் எங்கே போகிறது என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். மழை விட்டதும் தெரு வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம்; வரத்துக்கால் ஊர்க்குளமான ஊருணியில் போய்ச் சேர்வதையும், ஊருணி நிறைந்தால் மிகுதி அடுத்த தாழ்வான இடத்துக்கு இறங்குவதையும், முடிவில் பாசன ஏரியான கண்மாயையும் பார்க்கிறோம். பெரிய ஆறு பாயாத வறண்ட நிலத்தில் நம் முன்னோர் ஓட்டிலிருந்து கண்மாய் வரை ஒரு சொட்டையும் வீணாக்காமல் ஊரைக் கட்டியிருக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளை அதை வரலாறாக அறியத் தேவையில்லை. நடந்து போனால் காலே சொல்லிவிடுகிறது.

மறுநாள் மணல் குவியலில் கண்மாய் கட்டும் வேலை தொடங்கும். கரையை உயர்த்திக் கட்டிக் குடத்து நீரை ஊற்றுவார்கள், கரை உடைந்துவிடும். இன்னும் உயரமாகக் கட்டுவார்கள், மறுபடியும் உடையும். சென்ற ஆண்டு இப்படி நான்கு நாட்கள் போயின. ஆசிரியைகள் வாய் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது எளிதாகவும் இல்லை. ஐந்தாம் நாள் ஒரு சிறுவன் கரையின் ஒரு முனையைத் தாழ்த்தி அங்கே ஓட்டுத் துண்டைப் பதித்தான். மிகுந்த நீர் அதன் மேல் வழிந்து போயிற்று, கரை நின்றது. அதன் பெயர் கலுங்கு என்று அப்போதுதான் சொன்னோம். நீரைத் திறந்துவிடும் வாய்க்கு உரிய மடை என்ற சொல்லை மறுநாள் அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். ஒரு சாண் ஆழ நீரிலும் சிறு பிள்ளை மூழ்கக்கூடும், அதுவும் ஓசையின்றி. ஆகவே ஊருணிக்குப் போகும் நாளில் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருப்பார். பிள்ளைகள் மேல்படியைத் தாண்டி இறங்குவதில்லை. தோப்புக் கிணற்றுக்கு இரும்பு வலை மூடி உண்டு. நீர் நிறைந்த வாளி திறந்தபடி எங்கும் நிற்காது. இடி முழக்கம் முதன்முறை கேட்டதுமே எல்லாரும் கொட்டகைக்குள் வந்துவிட வேண்டும்; கடைசி முழக்கத்துக்குப் பின் 30 நிமிடம் கழியும் வரை எவரும் வெளியே போவதில்லை. மரத்தடியில் ஒதுங்குவது இந்த ஒரு நேரத்தில் மட்டும் கண்டிப்பாகக் கூடாது என்பதைப் பிள்ளைகள் எங்களைவிட உறுதியாகச் சொல்வார்கள்.

வெயிலில் பிள்ளை கறுத்துவிடாதா, சுருண்டுவிடாதா?

கறுத்துத்தான் போகும், அதற்கு எங்களிடம் மருந்தில்லை, தேவையுமில்லை. சுருண்டுவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் கடமை. மார்ச், ஏப்ரலில் பள்ளியை ஏழரைக்கே தொடங்கிப் பதினொன்றுக்கு முடித்துவிடுகிறோம். ஒன்பதரைக்குப் பின் நிழலை விட்டு யாரும் நகர்வதில்லை. அரை மணிக்கு ஒருமுறை பானைத் தண்ணீர் கட்டாயம். பிள்ளை சோர்ந்து உட்கார்ந்தாலோ, முகம் சிவந்து வியர்வை நின்றாலோ, உடனே நிழலில் கிடத்தி உடலை ஈரத் துணியால் துடைத்துப் பெற்றோரையும் மருத்துவரையும் அழைக்கிறோம்.

வெளிச்சத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நாள்தோறும் வெளியில் அதிக நேரம் கழிக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வைக் குறை தொடங்குவது குறைகிறது என்பது ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகள் நாளுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டும் என்று திட்டமே வகுத்து நடத்துகிறது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது உடலசைவோடு இருக்க வேண்டும் என்றும், திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது.

பாம்பு, தேள் வந்தால்?

வரக்கூடும். தோப்பு என்றால் அவற்றுக்கும் பங்குண்டு. நம் பக்கத்தில் அஞ்ச வேண்டியவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும். பிள்ளைகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தோட்டக்காரர் கம்பால் தரையைத் தட்டியபடி தோப்பு முழுவதும் நடந்து பார்த்துவிடுகிறார். செங்கல், விறகு, மட்டைக் குவியல்களைத் தரையில் விடாமல் சட்டத்தின் மேல் அடுக்குகிறோம். எலி வந்தால் பாம்பும் வரும் என்பதால் சோற்றுப் பருக்கை ஒன்றும் தங்க விடுவதில்லை. புல்லைக் கணுக்காலுக்கு மேல் வளர விடுவதில்லை. பொந்துக்குள் கை விடக்கூடாது, கல்லைப் புரட்டுவதானால் ஆசிரியையைக் கூப்பிட வேண்டும், பாம்பைக் கண்டால் கத்தாமல் பின்னோக்கி நகர வேண்டும் என்ற மூன்று விதிகளையும் முதல் வாரத்திலேயே விளையாட்டாகப் பழக்குகிறோம்.

கடிபட்டால் செய்ய வேண்டியதும் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. கயிறு இறுக்கிக் கட்டுவதில்லை, கீறுவதில்லை, உறிஞ்சுவதில்லை. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, 108ஐ அழைத்து நஞ்சு முறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே ஒரே வழி. இதுவரை அதற்கு அவசியம் நேரவில்லை. தேள் ஒருமுறை ஓர் ஆசிரியையைக் கொட்டியிருக்கிறது, அதுவும் அலுவலக அறைக்குள்.

பாம்பைவிட நாங்கள் அதிகம் கவலைப்படுவது செடிகளைப் பற்றித்தான், ஏனென்றால் பிள்ளை அவற்றை வாயில் போடும். குன்றிமணி, ஆமணக்கு, அரளி, ஊமத்தை ஆகியவற்றை வேரோடு நீக்கிவிட்டோம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கேடு என்பதால் எருக்கும் போயிற்று. சீமைக்கருவேல் முள் செருப்பையும் துளைக்கும்; வேலியோரத்தில் மீண்டும் மீண்டும் முளைக்கிறது, நாங்களும் மீண்டும் மீண்டும் பிடுங்குகிறோம்.

மரம் ஏற விடுகிறீர்களாமே?

ஆம். தன்னால் தானே ஏற முடிந்த உயரம் வரை ஒரு பிள்ளை ஏறலாம். யாரும் தூக்கி விடமாட்டோம், யாரும் ‘விழுந்துவிடுவாய்’ என்று கத்தவும் மாட்டோம். தூக்கி உட்கார வைக்கப்பட்ட பிள்ளைக்கு இறங்கத் தெரியாது. தானாக ஏறிய பிள்ளைக்குத் தன் கால் எங்கே இருந்தது என்று தெரியும். முருங்கைக் கிளை சட்டென்று முறியும் என்பதால் அதில் ஏறத் தடை. சிராய்ப்புகள் வாரம் ஒன்றிரண்டு உண்டு. கழுவி மருந்திட்டு, நேரம் குறித்து, மாலையில் தெரிவிக்கிறோம். ரணஜன்னியையும் தடுக்கும் முத்தடுப்பூசியின் ஊக்கத் தவணைகள் உரிய வயதில் போடப்பட்டிருக்கின்றனவா என்று சேர்க்கையின்போதே கேட்பது இதற்காகத்தான்.

மண்ணில் புழு, கிருமி இருக்குமே?

செருப்பின்றி மண்ணில் நடப்பதால் கொக்கிப்புழு தொற்றலாம் என்பது உண்மை; ஆனால் அது மனிதக் கழிவு கலந்த மண்ணிலிருந்து வருவது. தோப்புக்கு வேலி உண்டு, கழிப்பறை உண்டு, மணல் குவியலை நாய் பூனை அண்டாதபடி இரவில் மூடி வைக்கிறோம். கூழுக்கு முன்னும் சோற்றுக்கு முன்னும் சோப்புப் போட்டுக் கைகழுவல் நடக்கும். ஆண்டுக்கு இருமுறை அரசு தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். டெங்குக் கொசு பகலில் கடிப்பது, தேங்கிய நல்ல நீரில் முட்டையிடுவது. எனவே வீட்டுக்குப் புறப்படுமுன் எல்லாச் சிரட்டைகளையும் கவிழ்த்து வைப்பது பிள்ளைகளின் கடைசி வேலை. ஒரு சிரட்டை நிமிர்ந்து கிடந்தாலும் கண்டுபிடித்துவிடும் ஆய்வாளர்கள் எங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கூச்சமுள்ள பிள்ளை, பேச்சு தாமதமான பிள்ளை இங்கே சமாளிக்குமா?

நான்கு சுவர்களுக்குள் இருப்பதைவிட இங்கே அவர்களுக்கு எளிது என்பது எங்கள் அனுபவம். ஒதுங்கி நிற்க இடமிருக்கிறது. ஒதுங்கி நிற்பது குற்றமாகவும் பார்க்கப்படுவதில்லை. எனினும் பேச்சிலோ நடையிலோ கேள்வி எழுந்தால் தோப்பே சரிசெய்துவிடும் என்று சொல்லிக் காலம் கடத்தமாட்டோம், மருத்துவரிடம் அனுப்புவோம்.

ஒன்றாம் வகுப்பில் போய் உட்காருவார்களா?

உட்காருவார்கள். முதல் மாதம் சிலர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பதாக ஆசிரியர்கள் சொல்வதுண்டு.

அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பிள்ளையை வளர்ப்பது நாங்கள்தாம். நாங்களும் பள்ளிக்கு வரலாமா?

வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். செவ்வாயும் வெள்ளியும் பெரியவர்களுக்கு உரிய நாட்கள். ஓலை கிழிக்கவும் கொட்டான் முடையவும், பூவரச இலையில் பீப்பி செய்யவும், தட்டாங்கல் ஆடவும் எங்கள் இளம் ஆசிரியைகளுக்கு அவ்வளவாகத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். புரட்டாசியில் பனங்கொட்டையைப் பாத்தியில் புதைப்பதும், தை மாதத்தில் கிழங்கைப் பிடுங்கி அவிப்பதும் உங்கள் பொறுப்பிலேயே நடக்கின்றன. மார்கழியில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போகும் பயணத்திலும் துணைக்கு வரலாம். அங்கே கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அதை நாங்கள் சொல்வதைவிட ஓர் அப்பத்தா கதையாகச் சொன்னால் பிள்ளைகள் நன்றாகக் கேட்கிறார்கள்.

முதல் நாள் என்ன கொடுத்தனுப்ப வேண்டும்?

மாற்று உடை இரண்டு, துண்டு, தொப்பி, பின்வார் உள்ள செருப்பு, தண்ணீர்ப் பாத்திரம். சீருடை இல்லை, கறை பட்டால் மனம் நோகாத பழைய பருத்தி உடையே போதும். பெண் பிள்ளைகளுக்கும் கால்சட்டை அணிவித்து அனுப்புங்கள். நீளப் பாவாடை கிளையில் சிக்குகிறது.

நகை வேண்டாம். இதை மூன்று முறை சொல்கிறோம், ஆனாலும் பேத்தியை வெறுங்கழுத்தோடு அனுப்ப மனம் ஒப்பாதவர்கள் இருக்கிறார்கள். முன்பு ஒரு பிள்ளையின் சங்கிலி மணல் குவியலில் தொலைந்துபோயிற்று. பள்ளி முழுவதும் சல்லடையோடு இறங்கி இரண்டு நாட்கள் சலித்தது. மூன்றாம் நாள் காலை சங்கிலி கிடைத்தது. தேடல் முடிந்துவிட்டதென்று பிள்ளைகளை நம்ப வைக்க மேலும் ஒரு மாதம் ஆயிற்று.